காலியாக விட்ட ஒரு கட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மெயில் இருக்க எதற்குத் தபால் என்று யோசிப்பாய். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து ஊரார் என்னென்ன படிக்கிறார்கள் என்று இரண்டு வருஷமாக எழுதி வைத்த மனுஷனுக்கு இந்தப் பயம் வந்திருக்கிறது, சிரித்துக்கொள். அம்மாவின் முட்டிவலி தேவலை. மாடிக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. அடுத்த மாதம் நீ வருவாய் என்றுதான் போட்டேன், அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த பிறகுதான் அந்தப் பதிவேடு வந்தது, உனக்குத் தெரியும். பெயர், நேரம், பார்த்த பக்கம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மாதக் கடைசியில் அதைப் பார்த்து எழுதி ஒரு நகல் மேலே அனுப்ப வேண்டும். எங்கள் நூலகத்துப் பைண்டிங்காரருக்கு அந்த வெடிச் சத்தத்தில் ஒரு காது போனது. "பாக்கட்டும் சார், எல்லாத்தையும் பாக்கட்டும், ஒளிக்க நம்மகிட்ட என்ன இருக்கு" என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன், இன்றைக்கும் அவர் சொன்னது தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நகல் திரும்பி வந்துவிடும். என்னைப் பற்றித்தான் தெரியுமே, ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற ஆள். பரீட்சை முடிவு, வேலை விண்ணப்பம், சும்மா பொழுதுபோக்கு என்று எதையாவது எழுதி நிரப்பிவிடுவேன்.

தெருமுனைத் தையல்காரரின் மகள், சட்டம் படிக்கிறாளே, அவள் போன வருஷ விடுமுறையில் மூன்று நாள் வந்து, அந்தக் குண்டு வழக்கில் தடை செய்த கூட்டத்தின் துண்டறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்தாள், பிரிண்டும் எடுத்தாள். 'தடை செய்த கூட்டம், அடிக்கடி பார்க்கிறார்' என்று குறிப்பில் எழுதினேன். பொய்யில்லை. போன மாதம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர்கள் அவள் வீட்டுக்கே போய்விட்டார்கள். போனை எடுத்துக்கொண்டு, நாலு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டு, இப்போது கல்லூரியில் அவளைப் பரீட்சை எழுத விடமாட்டேன் என்கிறார்கள். விசாரணை அதிகாரி மரியாதையான ஆள், என்னைக் கூப்பிட்டுப் பேசினார், "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எங்க வேல பாதி குறைஞ்சிடும்" என்றார். எனக்குச் சந்தோஷமும் இல்லை வருத்தமும் இல்லை, மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் தையல்காரர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். "காலேஜ் கட்டுரைக்குன்னுதான் சார் படிச்சா. எதுக்கும்மா இதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அவர் போன பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். அதே வாரம், அதே பக்கங்கள், அவளுக்கு அடுத்த வரி உன்னுடையது. வீட்டு நெட் வேலை செய்யவில்லை என்று உன் ஆராய்ச்சிக்காக நீ வந்து படித்தாய், நினைவிருக்கிறதா, மெஷினில் மாட்டிக்கொண்ட உன் பேப்பரை நான்தான் இழுத்தெடுத்தேன். அந்த வரியில் குறிப்புக் கட்டம் காலி. மேலே அனுப்பிய நகலில் உன் வரியே இல்லை. இரண்டு வருஷத்தில் நான் காலியாக விட்டது அந்த ஒரு கட்டம்தான், மறந்துபோய் விட்டதல்ல. உன்னிடமும் நான் எதுவும் கேட்கவில்லை, என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். தையல்காரருக்கும் அவர் பெண்ணைப் பற்றித் தெரியும், பேனாதான் அவர் கையில் இல்லை.

நேற்றுக் காலை அவள் வரியில் 'கல்லூரிக் கட்டுரைக்காக, அன்று நான் கேட்கவில்லை' என்று சேர்த்தேன். உன் வரியில் 'என் மகள், ஆராய்ச்சிக்காக' என்று எழுதி, இரண்டுக்கும் நேற்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன், பதிவேட்டோடு நேரே அதிகாரியிடம் போனேன். இரண்டு தடவை படித்தார். "உங்க பொண்ணு எப்ப ஊருக்கு வர்றாங்க" என்று மட்டும் கேட்டார். தேதியைச் சொன்னேன். தையல்காரர் மகளைப் பரீட்சைக்கு விடுவார்களா என்று தெரியாது. இன்றைக்கே என்னைப் புத்தக அறைக்கு மாற்றிவிட்டார்கள், ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கிறது, அது கிடக்கட்டும். அம்மா, "ஊரான் பொண்ணுக்காக நம்ம பொண்ணக் காட்டிக் குடுத்துட்டீங்களே" என்று கேட்டாள். அதற்கப்புறம் பேச்சில்லை, சாப்பாடு மட்டும் மேஜைக்கு வருகிறது. அவள் கேட்டதும் நியாயம்தான். எனக்கு அழுகை வரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது, மனசு இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்வதா வருவதா என்பது உன் முடிவு, எனக்காக எதுவும் செய்யாதே. வருவதாக இருந்தால் உன் பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டிக்குள் போட்டுவிடாதே. விமான நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டால் பதறாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உண்மையைச் சொல். உன்னைப் பற்றி யார் சொன்னது என்று உனக்கே தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நிமிர்ந்து நட, அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்திதான், அவள் சொல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் கட்டத்தையும் நிரப்பிவிட்ட
அப்பா