நிரந்தர வதிவிடம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியவே தூத்தல். கடக்கரையில மீன்காரர்ர வாடிக்குள்ள படுத்ததால பெரிசா நனையல்ல, கூரை ஒரு பக்கம்தான் ஒழுகும். சாறன் மட்டும் ஈரம். பள்ளிவாசல் ஹவுள் தண்ணியில முகம் கழுவி, அங்கயே போன் சார்ஜ். பாங்கு சொல்ற மோதினார் பாத்துக்கிட்டே நிண்டார்.

"தம்பி ஆர்ர மவன்?" செத்துப்போன வாப்பாட பேரச் சொன்னன். "அட, மௌத்தானவர்ர மவனா. வீட்ட கரண்ட் இல்லையா?"

இல்ல எண்டன். பொய். வீட்ட கரண்ட் இரிக்கி. எனக்குத்தான் வீடு இல்ல.

நல்ல சேதி ஒண்டு. கல்முனை பஸார்ல பிடவைக்கடை மொதலாளி வேலைக்கு வரச் சொன்னார். சம்பளம் கிடக்கட்டும். கடைக்கு மேல பொடியனுகள் படுக்கிற அறை, ஒரு கட்டில் சும்மா கிடக்காம். கதவுக்குப் பூட்டும் இரிக்கி. "சனிக்கிழம விதானையார்ர கடிதத்தோட வா. இல்லாட்டி வேற ஆள் பாப்பன்."

எங்கட கிராம சேவகர், விதானையார்ட்ட ஓடினன். நல்ல மனுசன். "வதிவிடச் சான்றிதழ்தானே, தாறன். இப்ப எங்க இரிக்காய்?" வாடி எண்டா சொல்ற? வீட்டு விலாசத்தச் சொன்னன். "அப்ப வீட்டுக்காரர்ட்ட ஒரு கையெழுத்து. வியாழக்கிழம வா."

வீட்டுக்காரர். அங்கதான் கரைச்சல்.

15, புதன்

வெயில். புழுக்கம்.

எங்கட ஊர் வழமை, வீடு பொம்புளப் புள்ளைக்கு. கலியாணத்தோட எழுதிக் குடுக்கிற. மாப்பிள்ளை அங்க வருவார். ஆம்பிளப் புள்ள கலியாணம் முடிச்சு வேற வீட்ட போவான். சரி, அதுவரைக்கும் அவன் எங்க இரிக்கிற? அத ஒருத்தரும் எழுதி வைக்கல்ல. மூத்தவ, ராத்தாட கலியாணத்துக்குக் கட்டின வீட்டுக்கு நானும்தான் சீமெந்து குழைச்சன், பதினேழு வயசு அப்ப. மூணு மாசத்துக்கு முந்தி மச்சானோட வாய்த்தர்க்கம். "இது என்ட பொஞ்சாதிர வீடு" எண்டார். உண்மைதானே. பேக்கத் தூக்கிட்டு வந்திட்டன். ரெண்டு நாளையில கூப்பிடுவாங்க எண்டு நினைச்சன்.

இண்டைக்கு மச்சான் வயலுக்குப் போற நேரம் பாத்துப் போனன். வாசல் கடப்படியில உம்மா அழுதா. "மெலிஞ்சிட்டாய் மவன். எங்க தங்குறாய்?" கூட்டாளி வீட்ட எண்டன். சோறு, மீன் ஆணம், வாழக்காப் பொரியல். நல்ல பீங்கான்ல போட்டா. விருந்தாளி வந்தா எடுக்கிற பீங்கான்.

கையெழுத்துக் கேட்டன். "நான் போட்டா செல்லுமா மவன்? வீட்டு உறுதிப் பத்திரம் ராத்தாட பேர்ல. நானும் அவட வீட்டுலதான இரிக்கன்." இத நான் இவ்வளவு நாளும் யோசிக்கல்ல.

ராத்தா குசினிக்குள்ள இருந்து வந்தா. "மச்சான்ட்ட கேட்டா விடமாட்டார். உன்ட பேர் இங்க பதிஞ்சா பொறகு பங்கு கேப்பாய் எண்டு பயம்." பங்காம். எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் காணும்.

16, வியாழன்

செய்ய: சேட் கழுவ. ஐடி கார்ட் போட்டோக் கொப்பி. தலைமயிர் (கடன் சொல்லி).

விதானையார்ர கந்தோர்ல சும்மா குந்திக்கிட்டு இருந்தன், நம்பிக்கை இல்லாம. ஓட்டோவில ராத்தா வந்தா. இடுப்புல புள்ள. மச்சானுக்குத் தெரியா. கையெழுத்துப் போட்டா. விதானையார் எழுதினார்: நிரந்தர வதிவிடம், சாய்ந்தமருது. சீல் குத்தினார்.

வெளிய வந்து, "தம்பி, கோவிக்காத. அவருக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் கரைச்சல். கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராத. இனி கடையிலயே படுக்கலாம்தான?"

ஓம் எண்டன். புள்ள என்ட விரலப் புடிச்சிக்கிட்டு விடல்ல.

17, வெள்ளி

ஜும்ஆ. தொழுதிட்டு எல்லாரும் வீட்ட. தெரு நெடுக இறைச்சி ஆண மணம். பள்ளிக்குள்ள நான், சுத்துற பேன், தூங்குற ஒரு கிழவர். ஆரோடயாவது கதைக்கணும் போல. போன்ல இரிக்கிற பேரெல்லாம் பாத்தன். ஒருத்தருக்கும் எடுக்கல்ல. எடுத்து என்ன சொல்ற?

அசர் தொழுகைக்குப் பொறகு வாடி. "நாளைக்கு வலை இழுக்க வாறியா?" எண்டாங்க. இல்ல, எனக்கு அறை கிடைச்சிட்டு எண்டன். சொல்லவே நல்லா இரிந்திச்சி. இன்னொரு தரமும் சொன்னன்.

18, சனி

மழை விட்டிட்டு. ஒன்பது மணிக்குக் கடை. மொதலாளி கண்ணாடி போட்டு ரெண்டு தரம் வாசிச்சார். முகமெல்லாம் சந்தோசம். "சாய்ந்தமருதா? நல்ல குடும்பம். வாப்பாவ எனக்குத் தெரியும்."

பக்கத்துல பேக்கோட ஒரு பொடியன், ஊர் இறக்காமம். அவனும் இண்டைக்குத்தான் சேருறான். "இவனுக்கு ஊர் தூரம், பாவம். கட்டில இவனுக்குக் குடுப்பம். உனக்கென்ன, ஆறு மணிக்குக் கடை பூட்ட, பஸ் ஏறினா பத்து நிமிசம். உம்மாட சோத்தத் தின்னலாம். என்ன மவன்?"

வாய் வரைக்கும் வந்திச்சி. கடிதம் அவர்ர கையில. உண்மையச் சொன்னா ராத்தா போட்ட கையெழுத்து பொய்.

"ஓம் மொதலாளி, வீடு பக்கத்துலதான்" எண்டன்.