சுற்றறிக்கையில் விட்டுப்போன காரணம்

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜெயஸ்ரீ அவர்களுக்கு,

பத்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. நலமா? திருநெல்வேலி வெயில் பழகிவிட்டதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தி. நகரில் நம் இன்ஷூரன்ஸ் அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. என்னைவிட ஆறு வருடம் இளைய சுரேஷ்குமார் இன்னும் மேனேஜர். நான் இன்னும் கடிதப் பிரிவு. அந்த மனத்தாங்கல் எனக்கு ஆறாது, ஆறவும் வேண்டாம்.

உங்கள் மேல் புகார் எழுதியது நான்தான். பாலிசிதாரர் ஒருவரின் கடிதத்தைப் பெயர், விலாசத்தோடு சாட்பாட்டில் போட்டுப் பதில் எழுதி வாங்கினீர்கள். விதிமீறல் என்று இரண்டு பக்கம் எழுதினேன். உங்களுக்கு மாற்றல் வந்தது. விதி சரிதான். ஆனால் நான் விதிக்காக எழுதவில்லை. தினமும் பதினோரு மணிக்கு, எழுதிய கடிதங்களைத் திருத்தி வாங்க என் மேஜைக்கு வருவீர்கள். ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

நீங்கள் போன நான்காம் மாதம், பெயர் விலாசத்தை நீக்கிவிட்டு எல்லோரும் சாட்பாட்டைப் பயன்படுத்தலாம் என்று சுரேஷ்குமார் உத்தரவு போட்டார். சுற்றறிக்கையை எழுதியவன் நான். ஊழியர்கள் அதை ஏன் நாடுகிறார்கள் என்றும் எழுதச் சொன்னார். நேரம் மிச்சம், ஆங்கிலத்தில் தடுமாற வேண்டாம், பக்கத்து மேஜைக்காரர் செய்கிறார், மேலிடம் மெச்சுகிறது என்று அடுக்கினேன்.

தபால் பிரிவு வேம்பு படித்துவிட்டுச் சிரித்தான். "மெயினு காரணத்த வுட்டுட்டியே லியோனார்டு. அது மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காது நைனா. பத்து வாட்டி கேட்டாலும் பதில் சொல்லுது. நீ தப்பு மேல வட்டம் போட்டுத் தூக்கிப் போடுவே. இன்னா தப்புன்னு சொல்ல மாட்டே. அந்தம்மா பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து தப்பத் தேடிக்கினு இருந்தத நான் பாத்துக்கீறேன்" என்றான்.

நீங்கள் அழுதது எனக்குத் தெரியாது, ஜெயஸ்ரீ.

பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தானே தேடினால்தான் மனதில் பதியும் என்று நம்பினேன். அது பாதி உண்மை. தப்பைச் சொல்லிவிட்டால் ஒரே தடவையில் வேலை முடிந்து போய்விடுவீர்கள். சொல்லாவிட்டால் மறுபடியும் வருவீர்கள். மீதிப் பாதி இதுதான்.

இப்போது யாரும் வருவதில்லை. நானும் ஒரு நாள் அதில் எழுதிப் பார்த்தேன். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னது. அந்தப் பொறுமையில் பாதி எனக்கு இருந்திருந்தால் நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள்.

உங்கள் மாற்றலை ரத்து செய்யக் கோரி வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பெயர் விலாசத்தை நீக்காததைத் தவிர இன்று எல்லோரும் செய்வதைத்தான் நீங்கள் அன்று செய்தீர்கள், புகார் என் சொந்தக் கோபத்தில் எழுதியது என்று ஒப்புக்கொண்டு, பெயரும் பதவியும் போட்டு அனுப்பினேன். உத்தரவு வந்தாலும் திரும்புவதும் திரும்பாததும் உங்கள் விருப்பம். எங்கே இருந்தாலும் உடல்நலத்தோடு, மனக்குறை இல்லாமல் இருங்கள்.

இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கீழே பெயர் இருந்தால் பதில் எழுத வேண்டிய கடமை வந்துவிடும். கடமைக்காக நீங்கள் எழுதும் இரண்டு வரியை என்னால் தாங்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடாமலே இதை லஸ் முனைத் தபால் பெட்டியில் சேர்க்கப் போகிறேன்.