இடப்பக்கம் மட்டும் திரும்பும் படகு

அன்பு வாலுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, சித்தி மூவரும் சுகம், வெயிலில் தோல் உரிகிற அப்பாவின் மூக்கைத் தவிர. அங்கே உன் உடம்பு, உன் வேலை, நீ சாப்பிடாமல் ஓடுகிற காலைச் சாப்பாடு, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. நீ எதைப் படித்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவள் என்று எனக்குத் தெரியும், அதனால் நீ தேடுகிற சேதியைக் கடைசி வரியில் வைக்கவில்லை, உள்ளே ஓர் இடத்தில் செருகியிருக்கிறேன், மரியாதையாக வரிசைப்படி படித்து வா.

நீ ஏற்பாடு செய்தபடி, ஊர் சுற்றக் கிளம்பிய வழியில் நீ கட்டிக்கொள்ள நினைக்கிற கண்ணாடிக்காரத் தம்பியின் ஊரில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா அப்பாவோடு ஏரிக்குப் போனோம். அந்த அம்மா தலையை ஆட்டினால்தான் கல்யாணம், அவங்களை மீறி அவன் ஓர் அடி வைக்க மாட்டான், ஏற்கெனவே ரெண்டு இடத்தை வேண்டாம்னுட்டாங்க, அதனால கடைப் பேச்சு எடுக்காதே, பேரம் பேசாதே, என்னைப் பத்தி நல்லதா மட்டும் சொல்லு என்று நீ போனில் ஓதியதெல்லாம் என் காதில் இருந்தது. எல்லாம் சொன்னாயே, அந்த அம்மா பீங்கான் ஆலையில் சரக்கைச் சோதித்து ஒதுக்குகிற வேலை பார்க்கிறவர் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அவர் வேண்டாம் என்று தள்ளுவதைத்தானடி நான் வேண்டும் என்று அள்ளிக்கொண்டு வந்து இத்தனை வருஷமாகக் கடை நடத்துகிறேன். காது உடைந்த கோப்பையும் மூடி கோணிய பிளாஸ்கும்தான் உன்னைப் படிக்க வைத்தது. இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது, உன் முகம் ஞாபகம் வந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் நாங்கள் கொண்டு போன சாமான்கள் பேசாமல் இருக்கவில்லை. எல்லாம் கடைச் சரக்கு, வீட்டில் வேறு என்ன இருக்கும்? புல்தரையில் மடக்கு நாற்காலியை விரித்தோம், மூன்று கால் தரையில் நின்றது, நாலாவது கால் யோசித்துக்கொண்டு நின்றது. சித்தி அதை அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டாள், அவர் பாவம் வாயில்லாப் பூச்சி, ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே ரொம்ப வசதி என்றார். குடை விரிந்தது, அப்புறம் மூடவில்லை, அது விரியும் ஆனால் மூடாது என்று தெரிந்துதான் எடுத்து வந்தேன், வெயிலில் எதற்கு மூட வேண்டும்? அந்த அம்மா எதையும் வாய் விட்டுச் சொல்லவில்லை. கோப்பையை வாங்கினால் கவிழ்த்துப் பார்க்கிறார், விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்கிறார், அவித்த முட்டையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார். இதற்கு நடுவில் நீ சொல்லிக் கொடுத்த பாடத்தை நான் ஒப்பித்துக்கொண்டே இருந்தேன், என் பொண்ணு தங்கம், அதிர்ந்து பேச மாட்டா, அதிகாலையில எழுந்திருப்பா என்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. சித்தி என் காதோரம் வந்து, அக்கா, இன்னும் ரெண்டு பொய் சொன்னா அவங்க எழுந்து போயிடுவாங்க, நிறுத்து என்றாள்.

சாப்பிட்டதும் உன் அப்பாவும் அந்த வீட்டுக்காரரும் ஒரே மரத்தடியில் ஒரே நேரத்தில் குறட்டை விட்டார்கள், அந்த ஒரு பொருத்தம் மட்டும் அப்போதே கூடி வந்துவிட்டது. அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, படகுல போய் ரொம்ப நாளாச்சு என்றார். தனியாகப் பேச வழி கிடைத்தது என்று நானும் எழுந்தேன். காலால் மிதிக்கிற படகு, இருவர் உட்காரலாம். நான் பேரம் பேசவில்லை, உன் மேல் ஆணை. எல்லாப் படகும் வரிசையில் நிற்க ஒன்று மட்டும் தனியாகக் கட்டிக் கிடந்தது, அது ஏன் அப்படி என்று கேட்டேன், கேட்கக் கூடாதா? படகுக்காரர், அம்மா அது வேணாம், அது இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும், ஆசைப்பட்டா பாதிக் காசு கொடுங்க என்றார். குறையையும் சொல்லி விலையையும் சொல்கிற மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஏரி வட்டமாகத்தானே இருக்கிறது, கரையோரமாக இடப்பக்கமாகவே மிதித்துக்கொண்டு போனால் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேராதா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், கணக்கில் அவருக்கும் பிழை தெரியவில்லை, லைஃப் ஜாக்கெட்டின் தையலை நாலு இடத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார். வெயிலுக்குக் குடையையும் எடுத்துக்கொண்டோம், அதுதான் மூடவில்லையே, எங்கே வைப்பது.

படகு இடப்பக்கம்தான் திரும்பியது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் நினைத்தது ஏரி அளவு வட்டம், அது போட்டது நம் கடை அளவு வட்டம். காற்று மெதுவாக நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போக, அங்கே போய் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. ஒரு வாத்து கொஞ்ச தூரம் கூடவே சுற்றி வந்தது, பிறகு தலை கிறுகிறுத்ததோ என்னவோ விலகிப் போய்விட்டது. கரை கண்ணில் படும்போதெல்லாம் நான் இரண்டு கையையும் தூக்கிக் காப்பாத்துங்க என்று ஆட்டுவேன், விழித்தெழுந்த உன் அப்பா நாங்கள் குஷியாக இருப்பதாக நினைத்து அவரும் இரண்டு கையையும் ஆட்டுவார். சித்தி அதைப் போட்டோ வேறு எடுத்திருக்கிறாள், உனக்கு அனுப்புவாள், அதில் நான் சிரிப்பதுபோல இருக்கும், அது சிரிப்பு இல்லை.

ஏழெட்டுச் சுற்று ஆனதும் அந்த அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு, உங்க பொண்ணுகிட்ட குறையே இல்லையா என்று கேட்டார். எனக்கோ தலை சுற்றல், கால் வலி, அதோடு பழக்க தோஷம். நம் கடையில் யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் குறையை முதலில் சொல்லிவிடுவதுதானே வழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது. ராத்திரி விளக்கை அணைக்காமல் தூங்குவா, காலையில எழுப்பினவங்க மேல எரிஞ்சு விழுவா, எந்த டப்பாவையும் மூட மாட்டா, துக்க வீட்டில சிரிச்சிடுவா, வழி தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரி அடிச்சுச் சொல்லி ஆளை அலைய விடுவா, இடது காது வலது காதை விடக் கொஞ்சம் பெருசு, அதான் எப்பவும் முடியை இழுத்து மறைச்சுக்குவா என்று ஆறையும் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். குடி கெட்டது, என் வாயால என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டேனே என்று இறங்கி ஓடலாமென்றால் சுற்றிலும் தண்ணீர்.

படகு இன்னும் இரண்டு சுற்றுப் போயிற்று. அந்த அம்மா பெருமூச்சு விட்டு, இப்பதான் எனக்கு நிம்மதி என்றார். குறையே இல்லைன்னு ஒரு சரக்கு வந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க, எங்கயோ பூசி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம், முன்னாடி வந்த ரெண்டு இடமும் அப்படித்தான் ஒரேயடியா தங்கம் தங்கம்னாங்க, காலையிலிருந்து நீங்களும் அதையே சொல்றீங்களேன்னு பயந்துபோயிருந்தேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் மகனைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். எதுக்கும் சரி சரின்னு சொல்லுவான், எதையும் செய்ய மாட்டான், குளிக்கும்போது பாடுவான், அக்கம்பக்கத்துல ஜன்னலைச் சாத்துவாங்க, கரப்பான் பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நின்னுக்குவான், கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடு பூராத் தேடுவான் என்று நாலு சொன்னார். சிரித்த சிரிப்பில் படகு கவிழ்ந்திருக்கும், நல்லவேளை நாங்கள் இருவரும் கொஞ்சம் கனமான ஆட்கள்.

நாங்கள் கரை சேர்ந்தது அவர் மூளையால்தான். குடையைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், காற்று எங்களை வலப்பக்கம் தள்ளியது, படகு இடப்பக்கம் இழுத்தது, இரண்டுக்கும் நடுவில் நேராகப் போனோம். நேராக என்றால் நேராக, நிறுத்த வழி இல்லை, எதிர்க்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவரின் காலடிச் சேற்றில் போய்ச் செருகினோம். அவர் எங்களையும் பார்த்தார், குடையையும் பார்த்தார், அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது நாங்கள்தான். முழங்கால் வரை சேற்றோடு ஏரியைச் சுற்றி நடந்தே திரும்பினோம், படகுக்காரர் பாவப்பட்டுப் பாதிக் காசையும் திருப்பிக் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை, குறையைச் சொல்லித்தானே கொடுத்தார், அப்புறம் எப்படி வாங்குவது.

புறப்படும்போது அந்த அம்மா, இந்தக் குடையை நான் எடுத்துக்கலாமா என்று கேட்டார். ஒதுக்குவதையே வேலையாக வைத்திருக்கிறவர் ஒரு சரக்கைக் கேட்டு வாங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய் திறந்தும் சொன்னார், கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி என்றார். சம்பந்தி என்றார், வாலு, கேட்டுக்கொள். அவர்கள் கார் புறப்பட்டபோது குடை உள்ளே நுழையாமல் ஜன்னலுக்கு வெளியே விரிந்தபடியே போயிற்று, அந்த வாயில்லாப் பூச்சி மனிதர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஆனால் சம்பந்தி கண்டிப்பானவர், போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்க பக்கம் ஆறு, எங்க பக்கம் நாலு, இது சரியில்லை, மீதி ரெண்டை யோசிச்சுச் சொல்றேன் என்றார். நேற்றும் போன் செய்து, இன்னும் ஒன்றும் அகப்படவில்லை, பெத்தவ கண்ணுக்குத் தெரியல என்று வருத்தப்பட்டார். ஆகவே நீ அந்தத் தம்பியைக் கூர்ந்து கவனித்து இரண்டு குறை கண்டுபிடித்து உடனே எழுது. கரப்பான் பூச்சி விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பாவம். இருவரும் நீண்ட ஆயுளோடு, சண்டை போட்டாலும் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு, நன்றாக இருங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு.

என்றும் உன் நன்மையே நினைக்கும்,
அம்மா

பின்குறிப்பு: இங்கிருந்து படிக்கத் தொடங்கியவளுக்கு இது ஏழாவது குறை. சம்பந்தியிடம் சொல்ல மறந்துவிட்டேன், இன்று சொல்லிவிடுகிறேன். நீ இப்போது மேலே போ.