அறிக்கையின் கீழே ஒரு வரி

அன்புள்ள நைனாவுக்குத் திருமுருகன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் கப்பல் பத்து நாளாக எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறது. இறங்கத்தான் விடவில்லை.

கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரன் ரோடெல் போன வாரம் அவன் நாட்டு வீரரைப் பற்றிச் சொன்னான். அவர் கண் டாக்டராம். ஸ்பெயின்காரர்களின் கொடுமையைக் கதையாக எழுதியவரை முப்பத்தைந்து வயதில் சுட்டுக் கொன்றார்களாம்.

மறுநாள் கயிற்று ஏணி அறுந்து விழுந்து ரோடெலுக்குக் கை முறிந்தது. அவன் குடித்திருந்தான் என்று கேப்டன் அறிக்கை எழுதி, எங்களிடம் கையெழுத்துக் கேட்டார். நான் அதன் கீழே, 'ஏணி மட்கியிருந்தது, ரோடெல் குடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரோடெல் படுத்தபடியே சிரித்தான். "உன்னைச் சுடமாட்டார்கள். வேலையை விட்டுத்தான் அனுப்புவார்கள்."

அப்படித்தான் ஆகும்போல. என் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கவலைப்படாதீர்கள், வேறு கப்பல் கிடைக்கும். ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேல்தளத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன்.

படகில் குடிதண்ணீர் கொண்டுவந்த காசிமேட்டு தாமோதரன், "சீக்கிரம் எய்திக் குடு மாமு, போட்டு கெளம்பிக்கினு கீது" என்கிறான். அவனிடம் ஒரு கைலியும் மோர் மிளகாயும் கொடுத்தனுப்புங்கள்.

ஞாயிறு காலை மீன்பிடிக்க வரும்போது கொஞ்சம் வடக்கே தள்ளி வாருங்கள். கிட்டே வரவேண்டாம், துறைமுகக் காவலர்கள் பிடித்துவிடுவார்கள். நம் படகு தூரத்தில் போனாலே எனக்குத் தெரியும்.

திருமுருகன்