பாதி மாத்திரை

ராஜபாளையம்
12-9-1993

அன்பு மகள் பரிபூரணத்துக்கு,

அப்பா பால்ச்சாமி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் நலமாக இருக்க ஆண்டாள் துணை. ஐந்தாம் மாதம், மாடிப்படி பார்த்து ஏறு.

முதலில் என் மானம் போன கதை. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலில் தீர்த்தம் வாங்கினேன். கை ஆடிச் சிந்திவிட்டது. மறுபடி வாங்கினேன், மறுபடி சிந்தியது. மூன்றாம் தடவை நீட்டியதும் பட்டர், தாகமா இருந்தா வெளியே குழாய் இருக்கு என்றார். வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன்.

கை நடுக்கம் நின்றுவிட்டதென்று போன மாதம் எழுதினீர்களே என்பாய். சொல்கிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் நடுக்கத்துக்குப் புது மாத்திரை ஆராய்ச்சி நடக்கிறதல்லவா? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மூளை சும்மா இருக்குமா? என்னைப் போலவே அங்கே மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும் கோர்ட் வாசல் டைப்பிஸ்ட் சங்கரலிங்கத்திடம், "காலையில அவரவர் மாத்திரை, ராத்திரி மாத்தி முழுங்குவோம்வே. ரெண்டு பேருக்கும் பாதி மருந்தாவது உள்ள போகும்லா" என்றேன். "எம்புட்டு மூளைவே ஒமக்கு!" என்றார். பஸ்ஸிலேயே பாதிப் பாதி பொட்டலம் கட்டி மாற்றிக்கொண்டோம்.

ஒரு மாதத்தில் என் கை நின்றது. நானே சவரம் செய்தேன். அதுவரை தேறி வந்த அவருக்கு விரல் ஆட ஆரம்பித்தது. ஒரு கிரயப் பத்திரத்தில் நாலு இடம் தப்பாக அடித்து, கட்சிக்காரர் பக்கத்து டைப்பிஸ்டிடம் போய்விட்டார். "எனக்கு நோய் முத்திப்போச்சு. ஒமக்காவது நின்னுதே அண்ணாச்சி" என்று அந்த மனுஷன் சந்தோஷப்படுகிறார். மருந்து யார் புட்டியில் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒன்றாம் தேதி அவரையும் இழுத்துப்போய் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். இது என்ன பந்தியில அப்பளம் மாத்திக்கிற விஷயமா என்று சத்தம் போட்டார். எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக்கொண்டு, இனி அவரவர் புட்டி அவரவருக்கு என்றார். சங்கரலிங்கம் மறுபடி டைப் அடிக்கிறார். எனக்குப் பழைய ஆட்டம். இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆராய்ச்சி சித்திரையில் முடியுமாம். மருந்து நல்லதென்று தெரிந்தால் எனக்கும் தருவார்களாம். அதுவரை காலண்டரே கதி. நாளைய தாளையும் இன்றைக்கே கிழிக்கிறேன் என்று அம்மா ஏசுகிறாள்.

நீ தையில் பிரசவத்துக்கு வருகிறாய். இரண்டு உயிரும் குறைவில்லாமல் வந்து சேர வேண்டும்.

கிளம்பும்போது டாக்டரம்மா, வேறே ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தையில் எனக்குப் பேரப்பிள்ளை பிறக்கும், அதை ஒரு தடவை நானே கையில் ஏந்துகிற வரைக்கும் அந்தப் பாதி மாத்திரையை எனக்கு விட்டுவையுங்கள் என்று வாய் வரை வந்தது.

உன் அப்பா
பால்ச்சாமி