ஒரு வயல், இரண்டு சாட்சி, ஒரு காற்று

கமகுராவில் பெரிய வீட்டம்மாவிடம் சேவையில் இருக்கும் அன்பு மகள் சிகுசாவுக்கு, ஹகாட்டாக் கரையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. நீ நலம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் இவளுக்குச் சோறு இறங்கும்.

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு இந்தக் குடும்பம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு இயெகாகேயின் பேரிக்காய் மரத்திலிருந்து விழும் பழங்களை இனி நாம் பொறுக்குவதில்லை. உன் அம்மா மட்டும், "மரம் அவங்களது, கோவம் உங்களது, பழம் காக்காவுக்கா?" என்று கேட்டாள். அது ஆலோசனையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

காரணம் உனக்குத் தெரிந்த வயல்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே வாரிசில்லாமல் கிடக்கும் அதை, படையெடுத்து வந்த மங்கோலியர் கப்பலில் முதலில் ஏறியவனுக்குத் தருவதாக விசாரணை அதிகாரி சொல்லியிருக்கிறார். அது வந்தால் உன்னைச் சேவையிலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம். குளிருக்கு முன் வந்துவிடுவாய் என்று உன் அம்மா உன் கனத்த மேலங்கியை அனுப்பாமலே வைத்திருக்கிறாள். படகைக் கப்பலோடு சேர்த்து, பாய்மரத்தைச் சாய்த்துப் பாலமாக்கி முதலில் ஏறியது நான். எனக்குப் பின்னால் இயெகாகே. ஏறுமுன் அவனே, "அண்ணே, நான் உங்களுக்குச் சாட்சி, நீங்க எனக்கு" என்றான். சாட்சியில்லாத வீரம் எந்த அலுவலகத்திலும் செல்லாது. எனக்குப் பொறாமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். அவன் தோள் காயம் ஒரு விரல் நீளம், என் முழங்கால் காயம் ஒன்றரை விரல். ஆனாலும் குளிக்கும் இடத்தில் எல்லோரும் அவன் தோளைத்தான் பார்க்கக் கேட்கிறார்கள். ஆகவே என் சாட்சியில் உண்மையை முழுமையாக எழுதினேன்: இயெகாகே ஏறினான், அப்போது தலைக்கவசம் மூக்குவரை இறங்கியிருந்தது. அவனும் உண்மையை எழுதியிருக்கிறான்: இவர் ஏறினார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. அதிகாரி இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, "இவர் கண்ணு மூடியிருக்கு, அவர் கண்ணு மறைஞ்சிருக்கு. யார் முதல்னு யாருய்யா பார்த்தது?" என்று கேட்டார்.

அதே வயலுக்கு மூன்றாவது மனு கோவில் பூசாரியுடையது. "எதிரி அழிய ஏழு நாள் பூசை பண்ணேன், ஏழாம் நாள் மணியடிச்சேன், காத்து வந்துச்சு" என்கிறார். ஆனால் நடந்தது இது: எதிரியின் இரண்டு படைகள் சேர வேண்டிய நாளில் ஒன்று வந்தது, மற்றது வழியில் நின்றது. நாம் கல் சுமந்து கட்டிய மதிலால் அவர்கள் இந்தக் கரையில் இறங்க முடியவில்லை. இரண்டு மாதம் வெயிலில், கப்பலிலேயே நோயில் கிடந்தார்கள். நம் சின்னப் படகுகளுக்குப் பயந்து கப்பல்களை ஒன்றோடொன்று கட்டினார்கள். கட்டியதால்தான் புயலில் மோதி உடைந்தன. காற்று வந்தது கடைசியில் ஒரே ஒரு நாள். பெயர் முழுவதும் அதற்குத்தான். அதன் கண் திறந்திருந்ததா என்று அதிகாரி கேட்கவில்லை.

உன் வீட்டம்மா நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து இந்த வயல் விஷயத்தைச் சொல், அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதிகாரி கேட்பார். காற்றைப் பற்றிக் குறைவாகப் பேசு, அவர்கள் பக்தி உள்ளவர்கள். அங்கே காவல் வேலையில் இருக்கும் இயெகாகேயின் மகன் வந்தால் தண்ணீர் கொடு, உட்காரச் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. நீ நூறு வயது குறையின்றி வாழ அப்பா அம்மாவின் ஆசிகள். பதில் எழுத மறக்காதே.

இப்படிக்கு, உன் அப்பா
ஹிரொட்சுனெ

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது தீர்ப்பு வந்தது. வயல் கோவிலுக்கு. அளந்து பார்த்ததில் இயெகாகேயின் பேரிக்காய் மரமும் வயலின் எல்லைக்குள் இருக்கிறது. உன் கனத்த மேலங்கியை கடிதம் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.