தரையில் விழுந்த பிளக்

என் அன்பு அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மனசுக்குள் உனக்கு எழுதாத நாள் இல்லை. காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எதையும் யாரிடமும் சொல்லாத பெண் நான் என்பது உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன் என்றால், தனியாக வைத்துக்கொள்ளத் தெம்பில்லை என்று வைத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. சுதாவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று தங்கச்சி அவளாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நீ இல்லாத வீட்டை அவள் இன்னும் அம்மா வீடு என்றுதான் சொல்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. எந்நேரமும் உப்புக்கடலை கேட்கிறாள். அப்பா பேப்பரை முன்பைவிட மெதுவாகப் படிக்கிறார், சில பக்கங்களை இரண்டு தரம். நான் ஸ்கூலுக்குப் போகிறேன், வருகிறேன், உலை வைக்கிறேன், துணி மடிக்கிறேன். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

கார் அப்படியேதான் நின்றது. நீ போன அன்றைக்குப் பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தி உறையைப் போட்டதோடு சரி. அதன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சுதாதான் எடுத்தாள்.

"வூட்ல கார வச்சிக்கிட்டு ஆட்டோவுல போய் எறங்கறதா? எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா ஏழு ஊருக்குச் சொல்லும்."

"ஆட்டோவுக்கு என்னா கொறச்சல்?" என்றார் அப்பா.

"குலுங்கிக் குலுங்கி வழியிலயே பெத்துட்டா நீ வந்து புடிப்பியாப்பா?"

அப்பா சிரித்துவிட்டார். இந்த எட்டு மாதத்தில் அவர் சிரித்ததை நான் எண்ணிச் சொல்லிவிடுவேன். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வண்டியை ஓடவைக்கிறாயா என்றுதான் கேட்டார்கள். எனக்குத்தான் அது வேறு கேள்வியாகக் கேட்டது.

அம்மா, நான் உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

நீ போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காரை நான் வீட்டிலேயே டியூன்-அப் பண்ண ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏன் ஆரம்பித்தேன் என்று நீ கேட்டதில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் என்னிடம், "ஏம்மா, வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, பத்துப் பேர் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருப்பதற்கு, வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்து நானே செய்துகொள்வது மேல் என்று தோன்றியது. மூன்று தரம் படித்தேன். மிச்சத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டேன். ஏர் பில்டரை எடுத்துத் தட்டினால் நம் ஊர் லாரிகள் இறைக்கும் வெள்ளை மண் மாவு மாதிரி கொட்டும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. நீ பக்கத்து வீட்டில், "எம்பொண்ணு காரையே பிரிச்சி மாட்டும்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது.

அந்த ஞாயிறு, கழற்றிச் சுத்தம் செய்த மூன்று ஸ்பார்க் பிளக்குகளைப் பானெட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தேன். என் முழங்கை பட்டு ஒன்று சிமென்ட் தரையில் விழுந்தது.

"என்னாடி வுழுந்துது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாய்.

"ஸ்பேனரும்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? பிளக் என்று சொல்லியிருந்தால் நீ என்ன அடித்திருக்கவா போகிறாய்? காரையே பிரித்து மாட்டும் பெண் கைதவறிப் போட்டுவிட்டாள் என்று ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு நீ, "பாத்து" என்றாய்.

நம் ஊர் இன்சுலேட்டர் யூனிட்டில், கரண்டுக் கம்பத்துப் பீங்கான்களை நல்லது கெட்டது என்று பத்தொன்பது வருஷம் பீஸ் பிரித்தவள் நீ. சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு பீங்கானையும் எடுத்துச் சின்னக் கம்பியால் தட்டிக் காதில் வாங்குவாய். கணீர் என்றால் நல்லது, சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அப்படிப்பட்ட காதுக்கு, தரையில் விழுந்தது இரும்பா பீங்கானா என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஏன் அம்மா நீ இன்னொரு தரம் கேட்கவில்லை?

நான் அதை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் கீறல் எதுவும் இல்லை. உன்னை மாதிரியே ஸ்பேனர் முனையால் தட்டினேன். காதருகே வைத்துத் தட்டினேன். கணீர் என்றது. சரி, நல்ல பீஸ் என்று மாட்டிவிட்டேன்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் சந்தேகப்பட்டுப் புதுசு வாங்கிப் போட்டிருப்பாள். செராமிக் வீட்டில் பிறந்தவள் என்பதால் தட்டிப் பார்த்து நம்பினேன். நீ தட்டியது வெறும் பீங்கானை. பிளக்கில் பீங்கானைச் சுற்றி இரும்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. என் காதில் ஒலித்தது அந்த இரும்பு. இது புரிய எனக்குப் பல நாள் ஆயிற்று. உன்னிடம் கொடுத்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாய்.

இடையில் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போய் வந்தோம். வண்டி நன்றாகத்தான் ஓடியது. வியாழக்கிழமை காலையில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். உன்னை முன்சீட்டில் உட்காரவைத்து, அப்பா பின்னால் ஏறியதும் வண்டியை எடுத்தேன். பாலக்கரை நெருங்கும்போது எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. பாலத்தின் மேல் முன்னால் போன பஸ் நின்றது, நானும் பிரேக் பிடித்தேன், வண்டி அணைந்துவிட்டது. திருப்பித் திருப்பிச் சாவியைப் போட்டேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"வண்டி ஒதறுச்சே" என்று நீ சொன்னாய். என் கையைப் பார்த்துவிட்டு, "பதறாத, மெதுவாப் போடு" என்றாய்.

நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. அப்பா இறங்கிப் போய் ஒரு ஆட்டோவை மறித்தார். உன்னைக் காரிலிருந்து அதற்கு மாற்றினோம். எல்லாமாகப் பத்து நிமிஷம் இருக்கும். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான் அது என்கிறார்கள். இருக்கலாம்.

போன ஞாயிறு உறையை எடுத்தேன். பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து சார்ஜ் ஏற்றி வந்திருந்தேன். ஆயில் மாற்றினேன், பில்டர் மாற்றினேன். பிளக்குகளைக் கழற்றாமலே புதுசு வாங்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா நின்றேன். பழையதைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடலாம்தான். யாருக்குத் தெரியப் போகிறது?

உன் பீரோவில் அந்த மைப்புட்டி இன்னும் இருக்கிறது. தட்டியும் சந்தேகம் தீராத பீஸில் நீ தடவுவாயே, அந்தச் சிவப்பு மை. தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் நல்ல பீஸ் வெள்ளையாகிவிடும். விரிசல் இருந்தால் மை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய மூன்றையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மையைத் தடவினேன். நாற்காலியில் உட்கார்ந்து உப்புக்கடலை மென்றுகொண்டிருந்த சுதா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, பிளக்குக்கு மருதாணியா வக்கிற? வளகாப்பு எனக்கா அதுக்கா?"

"சும்மா இருடி."

துடைத்தேன். இரண்டு வெளுத்துவிட்டன. மூன்றாவதில், இரும்பு விளிம்புக்குச் சற்று மேலே, தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. அழுத்தித் துடைத்தேன். போகவில்லை.

சுதா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளும் உன் பெண்தானே.

"இது ரிஜெக்ட் பீஸாச்சே. எப்ப வுழுந்துது?"

எது, எப்படி என்று கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். எப்போது என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். ஞாயிறு, முழங்கை, ஸ்பேனர் என்ற பொய், பாலம், எல்லாவற்றையும். அவள் கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் புதுப் பிளக்குகளின் இடைவெளியை அளந்து கையாலேயே மரையைப் பொருத்தி முடுக்கினேன். வண்டி ஒரே சாவியில் எடுத்தது. நடுக்கமே இல்லை. ஷெட்டில் நான் மட்டும் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிளக் வாங்கிய கடையில் முன்பே கேட்டிருந்தேன், ஒரு பிளக்கில் விரிசல் இருந்தால் வண்டி நின்றுவிடுமா என்று. "ஒதறும்மா, இழுக்காது. நிக்கறதுன்னா… நிக்கலாம், நிக்காமலும் போவலாம்" என்றார் கடைக்காரர். நானும் எட்டு மாதமாக எதையெல்லாமோ படித்துப் பார்க்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவைக்கவில்லை.

சுதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டாள். கால் பிடித்துவிடப் போனால் காலை இழுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு ஏதோ புரிந்து, காலையில் டீ குடிக்கும்போது, "என்னா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு?" என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, "அன்னிக்கி அஞ்சு மணிக்கே நெஞ்சு கரிக்குதுன்னு எழுப்புனா. வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி வச்சிக் குடுத்தேன். உன்ன எழுப்ப வேணாம்னு நாந்தான் சொன்னேன். ஏழு வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு, "நீ பத்து நிமிஷத்தச் சொல்ற" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் எட்டு மாதமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவர் இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு, நான் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு. களைப்பாக இருக்கிறது அம்மா. அவர் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து சுதா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமை அவளுக்கு செக்கப். முந்தின நாள் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கி நீயே ஓட்டு."

நான் தலையாட்டினேன்.

"ஆனா கரீம் பாய் ஆட்டோ பின்னாடியே வரட்டும். காலியா வந்தாப் போதும். கோச்சிக்காதக்கா, எனக்கு பயமா இருக்குது."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? நானே போய் நம் தெருமுனை கரீம் பாயிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க கார்ல போறீங்க, நான் காலியா பின்னாடி வரணும். சரிதானம்மா?"

"ஆமா பாய்."

"கார் மேல அம்புட்டு நம்பிக்கையா, இல்ல ஓட்டறவங்க மேலயா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வரேம்மா. எத்தன மணிக்குன்னு சொல்லுங்க."

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். அப்பா முன்னால், சுதா பின்சீட்டில். சுதா வழியெல்லாம் என் பக்கம் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக ஆட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தில் அன்றும் நெரிசல்தான். பஸ் நின்றது, நான் நின்றேன், எங்களுக்குப் பின்னால் கரீம் பாய் நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா டாஷ்போர்டில் கையை வைத்திருந்தார், ஜுரம் பார்ப்பது மாதிரி. பஸ் நகர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சுதா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். வேறு பிடிமானம் இல்லாததால் இருக்கலாம். இறங்கியதும், "திரும்பறப்பவும் அவர வரச் சொல்லு" என்றாள். சரி என்றேன். குழந்தை நன்றாக இருக்கிறதாம், தலை திரும்பிவிட்டதாம். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம்.

அம்மா, நீ என்னை மன்னித்தாயா என்று கேட்கமாட்டேன். உன்னால் பதில் சொல்ல முடியாத கேள்வியை உன் தலையில் கட்டக்கூடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவளுக்கு வலி கண்டதும் வண்டியை எடுப்பேன், கரீம் பாய் பின்னால் வருவார். பச்சைக் குழந்தையோடு அவள் வீடு திரும்பும் நாளிலும் வருவார். அந்த ஆட்டோவை நானாக ஒரு நாளும் போகச் சொல்லமாட்டேன். போதும் என்று சுதா சொல்லும்வரை, அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும், அது என் கண்ணாடியை விட்டு மறையாத வேகத்தில்தான் ஓட்டுவேன்.

உன் பெரிய பொண்ணு,
சுதாவுக்கு அக்கா